வெள்ளிக்கும் சனிக்கும் ஒரே பீப்பாய்

2011 ஒக்டோபர் 15 — 7.25 டொலர்
2016 மே 7 — 7.75 டொலர்
2019 நவம்பர் 9 — 8.25 டொலர்
2022 மார்ச் 12 — 8.75 டொலர்
2024 ஜனவரி 6 — 9.50 டொலர்

மொன்ட்ரியால் டவுன்டவுனில் வாத்துக் கடை என்று பழகியவர்கள் சொல்லும் மதுச்சாலையில் ஏல் என்ற இங்கிலாந்து வகைப் பியரின் விலை, ஒரு பைன்ட் என்கிற பெரிய குவளைக்கு, மாறிய நாட்கள் இவை. முதல் திகதி மட்டும் விலை ஏறிய நாளல்ல. அன்றுதான் மொன்ட்ரியால்-நோரைச் சேர்ந்த நகுலேஸ்வரன் அந்தக் கடையில் முதன்முதலாக வாய் நனைத்தார். பிறகு ஏறிய நாட்களை ஒரு தாளில் குறித்து வைத்தாரே தவிர, அவர் ஒருநாளும் முணுமுணுக்கவில்லை. தக்காளி ஏறினால் முணுமுணுப்பார், பஸ் கட்டணம் ஏறினால் இரண்டு நாள் முணுமுணுப்பார். ஏல் வேறு.

அவர் ஏலுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் பல்.

அப்போது அவருக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சாமான் அறையில் வேலை. வேலையைவிட்டுப் போன ஒருவருக்காக எல்லாரும் வாத்துக் கடைக்குப் போனார்கள். ஐஸ் மாதிரிக் குளிர்ந்த பியரை நகுலேஸ்வரன் ஒரு வாய் குடித்தார். கடைவாய்ப் பல்லில் இருந்து உச்சந்தலைக்கு ஒரு மின்னல் ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரி மாக்கிரட் அதைப் பார்த்துவிட்டார். யோர்க்‌ஷயரில் இருந்து வந்து மொன்ட்ரியாலின் வெர்டனில் குடியேறிய இங்கிலாந்துத் தாய்தகப்பனின் மகள். அகன்ற தோள், குறைந்த பேச்சு. மேசையோடு பொருத்தியிருந்த நீண்ட மரக் கைப்பிடியை மூன்று தரம் இழுத்து, செம்பு நிற ஏலால் ஒரு கண்ணாடிக் குவளையை நிரப்பி அவர் முன்னால் வைத்தார்.

"இது சூடோ?" என்று நகுலேஸ்வரன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"சூடுமில்லை, குளிருமில்லை. நிலவறையில் எப்படி இருந்ததோ அப்படி. உங்கள் பல்லுக்கு ஒன்றும் செய்யாது. மற்றது உங்கள் பாடு."

பல்லுக்கு ஒன்றும் செய்யவில்லை. முதல் வாயில் பாண் கருகிய ஓரத்தின் மணம் வந்தது. அடுத்ததில் தோடம்பழத் தோலின் கசப்பு. விழுங்கிய பிறகு, வேப்பம்பூ ரசம் குடித்தால் தொண்டையில் நிற்குமே ஒரு சுத்தமான கசப்பு, அது நின்றது. மென்மையான வாயு, நாக்கைக் குத்தவில்லை, தடவிக்கொண்டு போனது. நகுலேஸ்வரன் இன்னொன்று கேட்டார்.

அன்றிலிருந்து மாக்கிரட் சொல்லிக் கொடுத்ததும் தானே தேடிப் படித்ததுமாக அவருக்கு விஷயம் பிடிபட்டது. மற்றப் பியர்களை ஆலையிலேயே வடிகட்டி, வாயுவை ஏற்றி அடைத்துவிடுவார்கள். இங்கிலாந்து வழக்கப்படி பீப்பாயில் வரும் ஏலுக்கு அது கிடையாது. ஈஸ்ட் உயிரோடு உள்ளேயே இருக்கும். பீப்பாய் கடை நிலவறைக்கு வந்தபிறகும் வேலை நடந்துகொண்டிருக்கும். அதை அசையாமல் கிடத்தி, மேலே ஒரு சின்ன முளையைத் தட்டி மிஞ்சின வாயுவை வெளியே விட்டு, அடிமண்டி படியும்வரை காத்திருக்க வேண்டும். திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். போத்தலில் வரும் ஏலிலும் சிலவற்றில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். அதை ஒரே சாய்வில், கை நடுங்காமல் ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவை விட்டுவிட வேண்டும்.

வாத்துக் கடையில் ஒரே ஒரு கைப்பம்பு, அந்த மரக் கைப்பிடி போட்டது. ஈஸ்ற்றன் ரவுன்ஷிப்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு சின்ன ஆலையில் இருந்து கிழமைக்கு ஒரு பீப்பாய் பிட்டர் என்ற கசப்பு ஏல் வரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் திறப்பார்கள்.

நகுலேஸ்வரன் வெள்ளிக்கிழமை போவதில்லை. அவர் வீட்டில் வெள்ளி என்றால் வெள்ளிதான். மச்ச மாமிசம் இல்லை, மது இல்லை. மனைவி புஷ்பராணி கல்யாணம் முடித்த வருடமே வைத்த சட்டம். கனடாவுக்கு வந்தும் அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆகவே அவருடைய பைன்ட் எப்போதும் சனிக்கிழமை மத்தியானத்துப் பைன்ட்.

ஓய்வு பெற்ற வருடம் அவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். கடை ஒன்றில் இங்கிலாந்துப் போத்தல்கள் அடுக்கிய தட்டில் கடைசியாக நின்ற, போர்ட்டர் என்ற ஒரு கறுப்பு ஏல் போத்தலை இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பிடித்தன. மற்றக் கை உமாபதியுடையது. பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தவர், லொங்குய்யில் பங்களா, சென்னைக்காரர். "எடுத்துக்குங்க சார்" என்றார் உமாபதி. "இல்லை, நீங்கள் எடுங்கோ" என்றார் நகுலேஸ்வரன். இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்கி, அடுத்த ஞாயிறு உமாபதியின் வீட்டில் திறப்பதாக முடிவாயிற்று.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. மஞ்சள் மெட்ரோ எடுத்து நகுலேஸ்வரன் ஆற்றைக் கடந்து போவார். ஞாயிறுக்கு மூன்று போத்தல். லண்டனில் இருந்து நகுலேஸ்வரனின் மருமகன் வசீகரன் வரும்போதெல்லாம் சாரத்தில் சுற்றிய ஆறு போத்தலோடுதான் வருவான். ஒரே ஏலை வெவ்வேறு வருடத்துப் போத்தல்களில் வைத்துப் பார்ப்பார்கள். பழைய போர்ட்டரில் கோப்பியும் கருப்பட்டியும் எழும்பும். புதிய வெளிர் ஏலில் எலுமிச்சை இலை. உமாபதி ஊற்றுவார், கை ஆடாது. நகுலேஸ்வரன் முகருவார், மூக்குப் பிசகாது. போத்தல் விஷயத்தில் அவர்களுக்குள் பிணக்கு வந்ததே இல்லை.

பிணக்கு வந்தது பீப்பாயில். உமாபதிக்கு இன்னும் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன அறை உண்டு. வெள்ளி தோறும் அங்கே போய்விட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாத்துக் கடையில் ஒரு பைன்ட். சனிக்கிழமை அவருக்கு ஆகாது. மனைவி அனுசூயாவுக்குப் பெருமாள் விரதம். பெருமாளுக்குத் தளிகை படைத்த வீட்டுக்குள் ஏல் வாசனையோடு நுழைய முடியாது. ஆக ஒருவர் வெள்ளி, மற்றவர் சனி. ஒரே கடை, ஒரே பம்பு, ஒரே பீப்பாய். ஆரம்பத்தில் ஞாயிறு கூடினால் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரே வாயால் புகழ்வார்கள். 2021க்குப் பிறகு பேச்சு மாறியது.

"பச்சையா இருக்கு சார்" என்பார் உமாபதி. "நறுக்கின பச்சை ஆப்பிள் வாசனை. நாக்குல ஊசி குத்தற மாதிரி காஸ். இதுக்கு நம்ம போத்தலே தேவலை."

"பச்சையோ? பட்டு மாதிரி இருக்குது, புரொபெசர். நேற்றும் குடிச்சனான்."

"உங்க ஊர்த் தூள் அப்படி. நாப்பது வருஷம் அந்த மிளகாய்த்தூளைத் தின்னா நாக்குக்கு எது குத்தும்?"

"உங்கட சாம்பார்தான் காரணம். புளியும் பருப்புமாய்த் திண்டு பழகின நாக்குக்குக் காத்துப் பட்டாலும் குத்தும்."

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. தூளையும் சாம்பாரையும் குற்றம் சொல்லிச் சிரித்தார்களே தவிர, வெள்ளியையும் சனியையும் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரே பீப்பாய்தானே.

2024 மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மாக்கிரட் பைன்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"நாகு, ஈஸ்டரோடு பம்பு நிற்கிறது."

"ஏன்?"

"ஆலைக்காரி றெஜினா எழுதியிருக்கிறாள். பீப்பாய் வேலை அவளுக்கு ஏற்கனவே பெரிய தலையிடி. கழுவுவது, திருப்பிக் கொண்டுபோவது. இந்த ஒரு கடைக்காகத்தான் செய்கிறாள். இப்போது என் வாடிக்கையாளர் ஒருவர் அவளுக்கே இரண்டு பக்கம் கடிதம் போட்டிருக்கிறார், ஏல் முதிரவில்லை என்று. வேதியியல் சூத்திரம் எல்லாம் போட்டு. நல்லதில்லை என்றால் எதற்கு இந்தப் பாடு, எல்லாவற்றையும் போத்தலில் அடைக்கிறேன் என்கிறாள்."

சூத்திரம் என்றதும் நகுலேஸ்வரனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றைய பைன்ட் அவருக்கு இறங்கவில்லை. போத்தல் நல்லதுதான். ஆனால் அந்த மரக் கைப்பிடியை மாக்கிரட் இழுக்கும் சத்தம், அது நுரையோடு எழும்பும் விதம், குளிரில் நடந்து வந்து அதை இரண்டு கையாலும் பிடிக்கும் நேரம், இவை ஒரு போத்தலுக்குள்ளும் அடைபடாது. இந்த நகரத்தில் இப்படி இழுத்து ஊற்றும் வேறு இடம் அவருக்குத் தெரியாது. எழுபத்தொரு வயதில், குளிர் பியருக்குத் திரும்பிப் போகப் பல்லும் இடம் தராது.

மறுநாள் லொங்குய்க்குப் போனவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதவடியில் நின்றார்.

"என்ர பியரை நிப்பாட்டிப் போட்டியள்."

"நான் எதையும் நிறுத்தலை. உள்ளதை எழுதினேன். சரி பண்ணுவாங்கன்னு நினைச்சேன்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? சாம்பார்னு சொல்லியிருப்பீங்க."

நகுலேஸ்வரன் திரும்பி மெட்ரோவுக்கு நடந்தார். மேசையில் மூன்று போத்தல் திறக்காமல் நின்றன. அடுத்த ஞாயிறும் அவர் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை.

மார்ச்சில் மாக்கிரட் தொலைபேசி எடுத்தார். பதினைந்தாம் திகதி வெள்ளிக்கிழமை றெஜினாவே வருகிறாள், ஐந்து மணிக்கு, தானே குடித்துப் பார்த்து முடிவு சொல்ல. "கடிதம் போட்டவரும் வருகிறார். நல்லது என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும், நாகு. உங்களைவிட அதை அதிகம் குடித்தவர் இல்லை."

"வெள்ளிக்கிழமையோ?" என்றார் நகுலேஸ்வரன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் புஷ்பராணியிடம் மெல்ல வைத்தார். புஷ்பராணி பிட்டைக் குழைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற நாள் வரச் சொல்லுங்கோவன்."

"அவள் வாறது வெள்ளியில. நான் எப்பிடி மாத்துறது?"

"இஞ்சாருங்கோ, இவ்வளவு வருசம் காத்த வெள்ளி. ஒரு பியருக்காக விடப் போறியளோ?"

"குடிக்கப் போகேல்லை, புஷ்பம். சாட்சி சொல்லப் போறன்."

புஷ்பராணி இன்னும் ஒரு கரண்டி பிட்டை அவர் தட்டில் வைத்தார். "வாயில வைச்சுப் பாத்திட்டுத் துப்புவியளோ?"

"துப்பலாம்."

"அப்ப போங்கோ. ஆனா உள்ளுக்கு ஒரு துளி போகக் கூடாது. போனா எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. தெரியும்தான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவர் போனபோது உமாபதி தன் வழக்கமான மூலையில் இருந்தார். இரண்டு பேரும் தலையசைத்ததோடு சரி. றெஜினா சிவந்த கைகளும் ரப்பர்ச் சப்பாத்துமாக, ஆலையில் இருந்து நேரே வந்தவள் போல இருந்தாள். "போன்ஜூர்" என்றாள். மாக்கிரட் மூன்று குவளைகளை நிரப்பினார். நகுலேஸ்வரன் கைப்பையில் இருந்து ஒரு வெறும் யோகட் டப்பாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அது எதுக்கு?" என்றார் உமாபதி, பேசக் கூடாது என்ற முடிவை மறந்து.

"வெள்ளிக்கிழமை."

உமாபதியின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நகுலேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் முகர்ந்தார். ஏதோ சரியில்லை. இன்னொரு தரம் முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து, நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் சுழற்றி, டப்பாவில் துப்பினார். மீண்டும் ஒரு வாய். மாக்கிரட் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் வரவேண்டியது வரவில்லை.

பச்சை ஆப்பிள். குறை சொல்ல இடமில்லாத, நறுக்கி வைத்த பச்சை ஆப்பிள். நாக்கில் வரிசையாக ஊசி.

நல்லது என்று சொன்னால் பம்பு நிற்காது. அவர் சொல்லுக்காகத்தான் மாக்கிரட் அழைத்ததும். ஆனால் வாயில் இருப்பதை வாயே இல்லை என்று சொல்லுமா. நகுலேஸ்வரன் டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"புரொபெசர் சொன்னது சரி. இது பச்சை."

மாக்கிரட் கண்ணை மூடித் திறந்தார். றெஜினா தானும் ஒரு மிடறு குடித்து, தோளைக் குலுக்கினாள். "அப்படியானால் முடிந்தது."

வென்றவர் உமாபதி. அவர் முகத்தில் வென்ற களை இல்லை. "சார், நீங்க இத்தனை நாளா பட்டு பட்டுன்னீங்களே. பொய் சொல்ற ஆள் இல்லையே நீங்க."

"நான் குடிச்சது பட்டுத்தான்."

"அப்ப அது வேற பீப்பாயா?"

"இதே பீப்பாய். ஆனா நான் குடிக்கிறது நாளைக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று நகுலேஸ்வரனுக்கே உறைத்தது. உமாபதி தன் குவளையை இன்னொரு தரம் முகர்ந்தார். நகுலேஸ்வரன் மாக்கிரட் பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினார். "லொறி எப்ப வாறது?"

"வியாழன் மத்தியானம். முன்பு புதனில் வரும். கோவிட்டுக்குப் பிறகு வழியை மாற்றிவிட்டார்கள்."

"அப்ப முளை தட்டுறது?"

"வியாழன் இரவு. வெள்ளி நாலு மணிக்குத் திறந்துவிடுவேன்." மாக்கிரட் மேசையைத் துணியால் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். "கொஞ்சம் அவசரம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வெள்ளியில்தான் கூட்டம். மூன்று வருடமாக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை."

"அவர் சொன்னவர்" என்றார் நகுலேஸ்வரன், உமாபதியைக் காட்டி. "நான்தான் சாம்பார் எண்டு சொல்லி அமத்திப் போட்டன்."

"நானும் தூள்னு சொன்னேனே" என்றார் உமாபதி.

றெஜினாவுக்கு நடுவில் பேசிய தமிழ் விளங்கவில்லை. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. நாளை மத்தியானம் திரும்பி வருவதாக அவளே சொன்னாள். "நீங்களும் வர வேண்டும்" என்றாள் உமாபதியிடம். "கடிதம் எழுதினவர் குடிக்காமல் நான் நம்ப மாட்டேன்."

"நாளைக்கு சனிக்கிழமை" என்றார் உமாபதி. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நகுலேஸ்வரன் யோகட் டப்பாவை ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தினார்.

உமாபதி வெளியே போய்த் தொலைபேசியில் அனுசூயாவோடு பேசினார். யன்னல் கண்ணாடிக்கு அப்பால் பனியில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது.

"என்னவாம்?"

"பெருமாள் கிட்ட அவ சொல்லிக்கிறாளாம். ஆனா பின்வாசல் வழியா வந்து, குளிச்சுட்டுதான் சமையக்கட்டுப் பக்கம் வரணுமாம். டப்பா வேணாம்னுட்டா. துப்பறது அசிங்கமாம்."

சனிக்கிழமை ஒரு மணிக்கு அதே மேசை, அதே நால்வர், அதே பீப்பாய். மாக்கிரட் கைப்பிடியை இழுத்தபோது நுரை எழும்பி, தடித்த பாலாடை மாதிரி நின்றது. உமாபதி முகர்ந்தார். குடித்தார். குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி குடித்தார். பாதி இறங்கிவிட்டது.

"தோடம்பழத் தோல்" என்றார் கடைசியில், நகுலேஸ்வரனின் சொல்லையே எடுத்து. "ஊசி எங்கே போச்சு?"

"ராத்திரி முளையால போயிட்டுது."

"நான் ஏழு வருஷமா வர்றேன். அதுல மூணு வருஷம் காத்தைத்தான் குடிச்சிருக்கேன்."

"காசு குடுத்தெல்லோ குடிச்சியள்."

றெஜினா தன் குவளையை முழுதாக முடித்து, வாயைப் புறங்கையால் துடைத்தாள். விஷயம் புரிந்த முகம். ஆனால் அவள் சொன்னது வேறு. லொறியை மீண்டும் புதனுக்கு மாற்ற முடியாது. ஆகவே பீப்பாயைச் சனிக்குத்தான் திறக்க வேண்டும். வெள்ளிக் கூட்டம் இல்லாமல், சனி ஞாயிறு இரண்டு நாளில் ஒரு பீப்பாய் முடியுமா? மிஞ்சியதை நிலத்தில் ஊற்றினால் அவளுக்கும் அவமானம், மாக்கிரட்டுக்கும் நட்டம். நான்கு கிழமை பார்க்கலாம். பிறகு எழுத்தில் சொல்கிறேன் என்று எழும்பினாள்.

அவள் போனபிறகு நகுலேஸ்வரனுக்கு இன்னொன்று உறைத்தது. "புரொபெசர், அப்ப உங்களுக்கு ஒரு நாளும் இல்லை."

"தெரியும்." உமாபதி பேனாவை எடுத்து, குவளை வைக்கும் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் றெஜினாவுக்குப் புதுக் கடிதத்தின் முதல் வரியை எழுதத் தொடங்கியிருந்தார். "வெள்ளிக்கிழமை திறக்காதீங்கன்னு நானே எழுதறேன். என் நாளை நானே வெட்டிக்கறேன். சனிக்கிழமைக்கு இன்னொரு தடவை அனுசூயா கிட்ட கேட்க எனக்குத் தைரியம் இல்லை."

"ஞாயிறு?"

"ஞாயிறு நம்ம போத்தல் நாளாச்சே."

நகுலேஸ்வரன் குவளையைச் சுழற்றினார். பன்னிரண்டு வருடத்துக்கு மேலான சனிக்கிழமைகள். அன்றைய பைன்ட் அவருக்குத் தனியாகக் குடிக்கும் பைன்ட். மூலை மேசை, யன்னல், ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. அதை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

"போத்தலைப் புதனுக்கு மாத்துவம்" என்றார். "ஞாயிறு ரெண்டு பேரும் இஞ்ச வருவம். ரெண்டாம் நாள் இன்னும் நல்லாயிருக்கும், பாருங்கோ."

"உங்க சனிக்கிழமை?"

"அண்டைக்குப் புஷ்பத்தோட சந்தைக்குப் போவன். அவ கேட்டுக் கன வருசம்."

உமாபதி எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு மாக்கிரட்டுக்கு இரண்டு விரல் காட்டினார்.

அன்று தொடங்கி நான்கு கிழமையும் மாக்கிரட் கடை வாசலில் பலகை வைத்தார்: பீப்பாய் சனி, ஞாயிறு மட்டும். முதல் கிழமை கால்வாசி மிஞ்சியது. இரண்டாம் கிழமை கொஞ்சம். ஈஸ்டர் ஞாயிறன்று உமாபதி பல்கலைக்கழகத்துப் பழைய ஆட்கள் ஐந்து பேரை இழுத்துக்கொண்டு வந்தார். நகுலேஸ்வரன் ஹோட்டல் சாமான் அறை ஆட்களைக் கூட்டி வந்தார். இரண்டு மேசையும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக் குடித்தன. நான்காம் கிழமை ஞாயிறு ஆறு மணிக்குக் கைப்பம்பு இருமி, காற்றைத் துப்பி நின்றது. மாக்கிரட் சத்தமாகச் சிரித்ததை நகுலேஸ்வரன் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

மறுநாள் சூரிய கிரகணம். பகல் மூன்றரை மணிக்கு நகரமே தெருவில் நின்று வானத்தைப் பார்த்தது. கிரகணம் முடியும்வரை புஷ்பராணி அடுப்பு மூட்டவில்லை. புதனன்று லொங்குய்யில் உமாபதியின் மேசையில், மாசியில் திறக்காமல் நின்ற அந்த மூன்று போத்தல்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில் அடிமண்டி நன்றாகப் படிந்திருந்தது. உமாபதி ஊற்றினார். நகுலேஸ்வரன் முகர்ந்தார். பீப்பாயைவிடக் கொஞ்சம் துடிப்பு, கொஞ்சம் கூர்மை. வேறு ஆள், ஆனால் அதே குடும்பம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். சாம்பாரின் பேரும் தூளின் பேரும் எழவில்லை.

றெஜினாவின் பதில் தபாலில் வரவில்லை. வழக்கமான லொறியில், பீப்பாயின் மேல் ஒட்டி வந்தது. மாக்கிரட் அதை உரித்துத் தொலைபேசியில் நகுலேஸ்வரனுக்கு வாசித்தார். இன்னும் ஒரு வருடத்துக்குப் பீப்பாய் வரும், சனிக்கு முன் திறந்தால் வராது, அவ்வளவுதான் அதில் இருந்தது. நகுலேஸ்வரன் உடனே உமாபதிக்குத் தொலைபேசியில் சொன்னார், பிறகு விலைகள் எழுதிய தாளின் அடியில் ஒரு கோட்டைக் கீறி, கடிதம் வந்த நாளைக் குறித்தார்:

2024 ஏப்ரல் 11, வியாழக்கிழமை.